நாலில் ஒரு பங்கு

நாமகிரிப்பேட்டை,
பிரமாதி வருஷம், சித்திரை 9.

அன்புள்ள மாமா அவர்களுக்கு, உங்கள் அக்காள் மகள் சௌந்திரம் கும்பிட்டு எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். மாமனாருக்கு மட்டும் முழங்கால் வலி. கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. கவலையில் சால் இழுத்துத் தண்ணீர் இறைக்கிற மாடுகளும் அரை மணி நேரம் இழுத்துவிட்டு எங்களைத் திரும்பிப் பார்க்கின்றன. மஞ்சள் விற்றாயிற்று.

ஒரு காரியமாக எழுதுகிறேன். அம்மா இருந்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். உங்கள் தெருவில் வீரபாகு என்பவருடைய வீட்டு மாடி காலியாக இருக்கிறதாம். ஓர் அறை, ஒரு சமையல் உள். உங்கள் மாப்பிள்ளை போன அமாவாசைக்கு வந்தபோது சொன்னார். வாடகை ஐந்து ரூபாய். அவர் வேலை பார்க்கும் நூல் கடையிலிருந்து நடக்கிற தூரந்தான். எனக்குக் கல்யாணமாகிப் போன தையோடு ஒரு வருஷம் ஆகிவிட்டது. கடைக்கு லீவு அமாவாசைக்குத்தான். ஆகவே வருஷத்துக்குப் பன்னிரண்டு நாள் அவரைப் பார்க்கிறேன். அதிலும் ஒரு நாள் பஸ் கெட்டுப்போய் நடுவழியிலேயே நின்றுவிட்டது.

மாமனாரிடம் மாமியார் மெள்ளப் பேசிப் பார்த்தார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "வாடகை தெரிஞ்ச செலவு. தெரியாத செலவுதான் ஊட்டைக் கவுக்கும். வெளக்கு, தண்ணி, வெறகு எல்லாஞ் சேந்து மாசம் ஏழு ரூவாய்க்குள்ள அடங்குமான்னு உங்க மாமனுக்கு எழுதிக் கேளு. அடங்குச்சுன்னா வைகாசிக் கடேசில மூட்டை கட்டு. அடங்குலீன்னா பேச்சே வேண்டாம்" என்று சொல்லிப்போட்டார்.

மாடிக்குத் தகரக் கூரையாம். அதனால் வீட்டுக்காரர் ஒரு கரண்டு விசிறியும் வைத்திருக்கிறாராம். விளக்கும் கரண்டுதான். இரண்டையும் நான் கிட்டத்தில் பார்த்ததில்லை. எனக்கு ஒரு சந்தேகம், சிரிக்காதீர்கள். விசையைத் தட்டி விளக்கை அணைத்த பிறகு, வீட்டுக்குள் வந்த கரண்டு எங்கே போகும்? திரும்பிப் போய்விடுமா, அங்கேயே நிற்குமா? நின்றால் அதற்கும் காசு உண்டா?

விசாரித்து உடனே எழுதவும். அத்தைக்கு என் கும்பிடு.

சௌந்திரம்


சேலம் செவ்வாய்ப்பேட்டை,
சித்திரை 14.

புளி மண்டிச் சமஸ்தானத்தின் ஏகச் சக்கரவர்த்தியும், ஐம்பத்தாறு மூட்டைக்கு அதிபதியும், கண்ணாத்தாள் என்கிற மகாராணியின் அடிமையுமான செங்கோட்டையன், அருமை அம்மிணிக்கு எழுதிய சாசனம்.

உன் கடிதம் கண்டதும் சபையைக் கூட்டினேன். சபை என்றால் நானும் தராசும். அன்றைக்கே வீரபாகுவிடம் சாவி வாங்கிக்கொண்டு மாடி ஏறினேன்.

கூரையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஒரு காக்கை அந்தத் தகரத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்று சொல்வது தப்பு. இடது காலை வைத்தது, எடுத்தது, வலது காலை வைத்தது, எடுத்தது. தேர்த் திருவிழாச் சதிரில்கூட அப்படி ஓர் ஆட்டம் நான் கண்டதில்லை. நான் படிக்கட்டில் நின்று ஒரு தும்மல் போட்டேன். அது தரையைத் தொடுமுன் ஆவியாகி மேலே போய்விட்டது. உன் அத்தை கொடுத்தனுப்பிய நாலு கோழிமுட்டையை ஜன்னலில் வைத்தேன். திரும்பிப் பார்த்தால் நாலு குஞ்சு, அதில் ஒன்று கூவுகிறது.

இந்த அக்கினி குண்டத்துக்கு நடுவே அந்த விசிறி இருக்கிறது பார், கறுப்பு நிறம், யானைக் காது அளவு இறக்கை. விசையைத் தட்டினேன். என் தலையில் இருந்த உருமால் ஜன்னல் வழியாகப் பறந்தது, செவ்வாய்ப்பேட்டையைக் கடந்தது, ஏற்காட்டுக்கு ஏறியது. அங்கே ஏதோ ஒரு துரை அதைக் கட்டிக்கொண்டு காப்பித் தோட்டத்தில் உலாத்துவதாகக் கேள்வி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்ததால் உனக்கு ஒரு மாமன் மிச்சம்.

இனி உன் சந்தேகம். அணைத்த பிறகு கரண்டு எங்கே போகும் என்று கேட்டாயே, சாமி, என்ன கேள்வி! அது எங்கேயும் போகாது. சுவருக்குள்ளேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும். மறுபடி விசையைத் தட்டினால் துப்பிவிட்டு எழுந்து வரும். இதற்காக உன் மாமனார் கவலைப்பட வேண்டாம்.

செலவா? ராஜாங்க வாழ்க்கைக்கு ராஜாங்கச் செலவு. குழாய்த் தண்ணீர் குடிக்கிறோம், கரண்டில் காற்று வாங்குகிறோம், மூன்று யானை தீனி தின்கிற மாதிரி அடுப்பு விறகு தின்கிறது. எல்லாம் சேர்த்து மாதம் நாற்பது ரூபாய் என்று வைத்துக்கொள். மைசூர் ராஜா அரண்மனையில் இதற்குச் சற்றுக் கூட ஆகும் என்று நினைக்கிறேன்.

சம்பந்திக்கு என் வணக்கம். முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தடவச் சொல். சம்பந்தியம்மாவிடம் இந்தக் கடிதத்தை இரண்டு தரம் படித்துக் காட்டு, காக்கையை விட்டுவிடாதே.

உன் மாமன்,
செங்கோட்டையன்


நாமகிரிப்பேட்டை,
சித்திரை 19.

மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வழக்கம்போல விளக்கு வைத்ததும் எல்லோரையும் உட்கார வைத்துப் படித்தேன். காக்கைக்கு மாமியார் சிரித்தார். உருமாலுக்கு மாமனார் சிரித்துச் சிரித்து இருமிவிட்டார். "துரை கட்டீட்டுத் திரியறானா" என்று அடுத்த நாள் கவலை ஓட்டும்போதும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆனால் நாற்பது ரூபாய் என்று படித்ததும் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்தார். தரையில் நாலு கோடு போட்டார். உங்களுக்கு இது தெரியாது, நானும் இதுவரை சொன்னதில்லை. எங்கள் கல்யாணத்துக்குச் சீர் நாற்பது வண்டியில் வருகிறது என்று நீங்கள் சொல்லியனுப்பினீர்கள். அவர் நாற்பது ஜோடி மாட்டுக்குத் தீவனம் போட்டு வைத்தார். வந்தது பத்து வண்டி. அன்று முதல் இந்த வீட்டில் நீங்கள் என்ன சொன்னாலும் நாலால் வகுத்துக்கொள்வது என்று ஒரு சட்டம் இருக்கிறது. உங்கள் மண்டியில் ஐம்பத்தாறு மூட்டை என்றால் பதினாலு. அத்தை எட்டு முழத்துக்குப் பூ வைத்தாள் என்றால் இரண்டு முழம். இதுவரை அந்தச் சட்டம் தவறியதில்லை என்பது மாமனாரின் பெருமை.

நாற்பதை நாலால் வகுத்தால் பத்து. பத்து ஏழுக்கு மேலே. கரித்துண்டை அடுப்பில் போட்டுவிட்டு எழுந்துவிட்டார்.

மாமா, நீங்கள் எல்லோரையும் சிரிக்க வைத்தீர்கள். நானும்தான் சிரித்தேன். பிறகு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். அங்கே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தேன்.

வீரபாகு வைகாசி இருபது வரைதான் காத்திருப்பாராம். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். ஒரே ஒரு கடிதம் யானை இல்லாமல், ராஜா இல்லாமல், தும்மல் இல்லாமல் எழுதுங்கள். உள்ளது எவ்வளவோ அவ்வளவு. ஏழுக்கு மேலே போனாலும் பரவாயில்லை, உண்மையைத் தெரிந்துகொண்டு இருந்துவிடுகிறேன்.

சௌந்திரம்


சேலம் செவ்வாய்ப்பேட்டை,
சித்திரை 30.

அம்மிணிக்கு,

பட்டங்களை எல்லாம் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு எழுதுகிறேன். உன் கடிதத்தை உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவள் இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், பேச்சுப் போடவில்லை. மூன்றாவது நாள், "அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துட்டு நாப்பதுன்னு சொல்லுவீங்களா?" என்றாள்.

ஆனபடியால் ஆராய்ச்சியில் இறங்கினேன். நான் இருக்கும் வீட்டில் இன்னும் சீமையெண்ணெய் விளக்குதான். கரண்டுக் கணக்கு எனக்கே புதிது. லைட்டு ஆபீஸ் குமாஸ்தா ஒருவருக்கு அரை வீசை கொட்டையில்லாப் புளி கொடுத்து ரகசியத்தைப் பெற்றேன். வீரபாகு வீட்டு மாடிப்படி முடிகிற இடத்தில் சுவரில் உயரமாக ஒரு இரும்புப் பெட்டி. அதன் கண்ணாடிக்குள்ளே வெள்ளித் தட்டு மாதிரி ஒரு சக்கரம், அதன் விளிம்பில் ஒரு சிவப்புப் பொட்டு. கரண்டு ஓடினால் சக்கரம் சுற்றும். அறுநூறு சுற்று சுற்றினால் ஒரு யூனிட். ஒரு யூனிட்டுக்கு மூன்று அணா. அவ்வளவுதான் சூட்சுமம். உங்கள் கவலைச் சாலில் இத்தனை நடை இறைத்தால் இத்தனை பாத்தி என்று எண்ணுகிறீர்களே, அதே கணக்கு.

உடனே மண்டியிலிருந்து ஒரு படி புளியங்கொட்டை கொண்டுபோனேன். சாயங்காலம் விளக்கு இரண்டையும் விசிறியையும் போட்டுவிட்டு, ஏணிமேல் உட்கார்ந்தேன். சிவப்புப் பொட்டு பத்துத் தரம் கண்ணில் பட்டால் ஒரு கொட்டையைச் சொம்பில் போடுவது. முதல் நாள் முப்பத்திரண்டாவது கொட்டையில் எனக்குக் கொட்டாவி வந்து, வாயை மூடுவதற்குள் பொட்டு எத்தனை தரம் போயிற்றோ தெரியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கிறார்கள். கீழே மாடிப்படிக்கு அடியில் வெற்றிலைபாக்குக் கடை வைத்திருக்கும் மாரியப்பன் எனக்கு இரண்டு தரம் சோடா கொடுத்தான். நல்ல பையன்.

தண்ணீரையும் விடவில்லை. குழாயில் வருவது பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணீர். ஏரி நிறைந்திருந்தால் தினமும் வரும். வற்றினால் ஒன்றுவிட்டு ஒரு நாள். வராத நாளில் குடம் காலணாவுக்கு வண்டிக்காரனிடம் வாங்க வேண்டும். ஏரியில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் செலவை எப்படிச் சொல்வது? நேற்று வண்டி கட்டிக்கொண்டு ஏரிக்கே போய்விட்டேன். கரையில் நின்று பார்த்தேன். அதைப் பற்றி எழுத என் கை துடிக்கிறது. ஒரு கொக்கு அங்கே செய்த காரியம்... வேண்டாம். சத்தியம் செய்துவிட்டேன்.

இன்னும் மூன்று நாள் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். அடுத்த தபாலில் கணக்கு வரும். நீ கேட்டபடியே.

மாமன்


சேலம்,
வைகாசி 3.

சௌந்திரத்துக்கு,

வீரபாகு வீட்டு மாடிக்கு மாதச் செலவு:

விளக்கு இரண்டு, விசிறி ஒன்று, இருபத்தாறு யூனிட்: ரூபாய் நாலு, அணா பதினாலு.
தண்ணீர், எண்பது குடம்: ரூபாய் ஒன்று, அணா நாலு.
விறகு: ரூபாய் இரண்டு, அணா ஆறு.
கரண்டு நிற்கும் நாளைக்குச் சீமையெண்ணெய்: அணா நாலு.

மொத்தம் ரூபாய் எட்டு, அணா பன்னிரண்டு.

குறைக்க முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

செங்கோட்டையன்


நாமகிரிப்பேட்டை,
வைகாசி 6.

மாமா அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தை மாமனாரே உங்கள் கையில் கொடுப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன். அவர் எதற்காக வந்து நிற்கிறார் என்று உங்களுக்குத் திகைப்பாக இருக்கும்.

நேற்று உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. மாமியார் தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். "மிச்சம் எங்கே? ஆனை எங்கே? கொக்கு என்னமோ பண்ணுச்சுன்னாங்களே, அது எங்கே?" என்றார். இவ்வளவுதான் என்றேன். நான்தான் அப்படி எழுதச் சொன்னேன் என்றும் சொன்னேன். நம்பவில்லை. "நீ சொன்னா அந்த மனுசன் நிறுத்தீருவாங்களா? மேலுக்கு நெம்ப முடியாமக் கெடக்கறாங்க. கண்ணாத்தாளைப் பக்கத்துல உக்கார வெச்சுச் சொல்லச் சொல்ல எழுதியிருக்காங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுத்து உங்களுடையதுதான் என்று காட்டினேன். "கை நடுங்கியிருக்குது பாரு" என்றார். மாமா, 'முடியவில்லை' என்ற இடத்தில் மை கொஞ்சம் பரவியிருந்தது உண்மை.

பிறகு மாமியாரே எனக்காக ஒரு வழி கண்டுபிடித்தார். எட்டே முக்காலை நாலால் வகுத்தால் இரண்டு ரூபாய் மூன்று அணாதான் ஆகிறது, ஏழுக்குள் அடங்கிவிட்டதே என்றார். மாமனார் கரித்துண்டைக் கையில் எடுத்தார். கோடு போடவில்லை.

"கெடையில கெடக்கறவன் சொல்லுக்கு வகுத்தல் கெடையாது" என்றார்.

ஆகவே எட்டே முக்கால் எட்டே முக்கால்தான். அது முடிந்துபோன பேச்சு. காலை முதல் பஸ்ஸுக்கு அவரே உங்களைப் பார்க்க வருகிறார். ரசம் வைக்க ஒரு கோழியும், மிளகும், சுக்கும் மூட்டை கட்டியிருக்கிறார்கள். முழங்கால் வலியோடு வருகிறார். படியில் ஏறும்போது கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

அவர் வரும்போது போர்த்திப் படுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத ஆசைதான். எழுத மாட்டேன். உள்ளதைச் சொல்லுங்கள் என்று கேட்டவளே நான். நீங்கள் சொல்லிவிட்டீர்கள். உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. வீரபாகுவிடம் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சௌந்திரம்


சேலம் செவ்வாய்ப்பேட்டை,
வைகாசி 10.

அம்மிணிக்கு உன் மாமன் எழுதுவது,

வீரபாகுவிடம் நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. அது ஏன் என்பதைக் கேள். இதில் நான் கூட்டியது ஒன்றும் இல்லை; கூட்டினால் அது தனியாகத் தெரியும்.

சம்பந்தி முதலில் என் வீட்டுக்குப் போயிருக்கிறார். உன் அத்தை, "அவங்க மாடியில ஏணி மேல இருக்கறாங்க" என்று சொல்லியிருக்கிறாள். நான் சட்டையில்லாமல், தலையில் ஈரத் துண்டோடு ஏணியில் உட்கார்ந்து, கணக்கு ஒரு அணாவாவது குறையாதா என்று ஆறாவது தரமாக எண்ணிக்கொண்டிருந்தேன். கீழே கோழி கத்தும் சத்தம். பார்த்தால் சம்பந்தி, கையில் தலைகீழாகக் கோழி. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங் சம்பந்தி, சாவறதுக்கு எதுக்குங்க ஏணி மேல ஏறோணும்?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இறங்கி வந்து உன் கடிதத்தை வாங்கிப் படித்த பிறகுதான் நான் செத்துக்கொண்டிருக்கிற சங்கதி எனக்கே தெரிந்தது. சுகமாக இருப்பதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். பஸ்ஸுக்குக் கொடுத்த காசு வீணாயிற்றே என்று அவர் முகத்தில் கொஞ்சம் கோபம். மகனைப் பார்த்துவிட்டாவது போகிறேன் என்றார். மாப்பிள்ளை சாப்பிடும் கடைக்கு அழைத்துப்போனேன். மாப்பிள்ளை எங்களைக் கவனிக்கவில்லை. மூலையில் ஒரு பலகையில் உட்கார்ந்து, குழம்பு என்று ஊற்றிய வெந்நீரைச் சோற்றில் பிசைந்து, யாரோடும் பேசாமல் தின்றுகொண்டிருந்தார். சம்பந்தி வாசலிலேயே நின்றார். உள்ளே போகவில்லை. "வாங்க, போலாம்" என்று திரும்பிவிட்டார்.

சாயங்காலம் அவராகவே மாடிக்கு வந்தார். அந்தச் சக்கரத்தைக் காட்டுங்கள் என்றார். பாயைப் போட்டு, விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, கொட்டைக் கணக்கைச் சொன்னேன். நடை எண்ணுகிறவர் இல்லையா, ஒரு தரம் சொன்னதும் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், "எல்லாத்தையும் அடைங்க, பாக்கலாம்" என்றார்.

அணைத்தேன். விளக்கு இரண்டும் நின்றன. விசிறி நின்றது. நாங்கள் இருவரும் தீக்குச்சியைக் கிழித்துச் சக்கரத்தைப் பார்த்தோம்.

சிவப்புப் பொட்டு வந்தது. போயிற்று. மறுபடி வந்தது.

இத்தனை நாள் அந்த ஏணியில் தவம் இருந்தேனே, அம்மிணி, எல்லாவற்றையும் போட்டுவிட்டு எண்ணினேனே தவிர, ஒரு தரமாவது அணைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சம்பந்தி என்ன சொன்னார் தெரியுமா? "மடையை அடைச்ச பொறவும் தண்ணி ஓடுதுன்னா, எவனோ கரையை வெட்டியிருக்கான்."

தடியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இரும்புப் பெட்டியிலிருந்து போகும் கம்பியைத் தடி நுனியால் தொட்டுத் தொட்டு, வாய்க்கால் மேல் நடக்கிற மாதிரி நடந்தார். அறைக்குப் போகிறது ஒன்று. சமையல் உள்ளுக்குப் போகிறது ஒன்று. மூன்றாவதாக ஒன்று, சுண்ணாம்பு அடித்துச் சுவரோடு சுவராக மறைந்து, படி வழியே இறங்கியது. முழங்கால் வலிக்காரர் அதன் பின்னாலேயே ஒவ்வொரு படியாக இறங்கினார். அது போய் முடிந்த இடம் மாரியப்பனின் வெற்றிலைபாக்குக் கடை. அங்கே சோடாப் பாட்டில்களுக்கு மேலே இரண்டு பல்பு ஜெகஜ்ஜோதியாக எரிந்துகொண்டிருந்தது.

நான் சத்தம் போட வாயைத் திறந்தேன். சம்பந்தி கையால் தடுத்தார். ஒரு காசுக்கு வெற்றிலை வாங்கிக்கொண்டார். நிதானமாகச் சுண்ணாம்பு தடவினார். "தம்பி, வெளக்கு நல்லா எரியுது. இது யாரு கெணத்துத் தண்ணி?" என்றார். மாரியப்பன் மறைக்கவில்லை. விளக்குக்காக வீரபாகுவுக்கு மாதம் எட்டணா கொடுத்துவருகிறானாம். வீரபாகுவைக் கூப்பிட்டோம். கம்பி இழுத்த ஆள் எங்கே சேர்த்தான் என்று தனக்குத் தெரியாது, தன் கணக்கில்தான் ஓடுகிறது என்று நினைத்ததாகச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். முன்பு குடியிருந்தவர் செலவு கட்டுப்படவில்லை என்று போன பங்குனியில் காலி செய்த காரணமும் அப்போதுதான் அவருக்கு விளங்கியதாம். மறுநாளே ஆள் வந்து அந்தக் கம்பியை அறுத்துவிட்டான். மாரியப்பன் கடையில் இப்போது அரிக்கேன். எனக்கு இலவச சோடா நின்றுபோனது.

அன்று சாயங்காலம் மறுபடி எல்லாவற்றையும் அணைத்தோம். பொட்டு வரவில்லை. இரண்டு கிழவர்கள் இருட்டில் தீக்குச்சியைப் பிடித்துக்கொண்டு, வராத பொட்டுக்காகக் காத்திருந்தோம். வரவே இல்லை.

பிறகு விளக்கையும் விசிறியையும் போட்டுச் சம்பந்தியே எண்ணினார். என்னைக் கொட்டையைத் தொட விடவில்லை. இரண்டு நாள், மூன்று தரம். மாதம் பதினாலு யூனிட். ரூபாய் இரண்டு, அணா பத்து. தண்ணீரையும் விறகையும் எண்ணெயையும் சேர்த்தால் மொத்தம் ஆறரை ரூபாய்.

உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். அணைத்த பிறகு கரண்டு எங்கே போகும் என்று முதல் கடிதத்திலேயே கேட்டாய். சுவருக்குள் உட்கார்ந்து வெற்றிலை போடும் என்று நான் எழுதிச் சிரித்தேன். அது வெற்றிலைக் கடைக்குத்தான் போயிருக்கிறது. நீ கேட்ட கேள்வியை நான் ஒரு தரம் ஒழுங்காகக் கேட்டிருந்தால், இந்த ஒரு மாதமும் உனக்கு மிச்சமாகியிருக்கும்.

சம்பந்தி இன்று காலை பஸ் ஏறினார். ஆறரை என்று அவர் வாயால் எண்ணினாரே தவிர, உன்னை அனுப்புகிறேன் என்றோ மாட்டேன் என்றோ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் நான் ஏதாவது சேர்த்துச் சொல்லிவிடுவேன் என்று எனக்கே பயம். "வாரேனுங்க" என்றார். கோழியை மறந்துவிட்டுப் போய்விட்டார். அது உன் அத்தையின் புளிப்பானை மேல் முட்டை இட்டிருக்கிறது. ஒன்றுதான். ஒன்று என்றால் ஒன்று.

வீரபாகு இருபதாம் தேதி வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். உடனே எழுது.

மாமன்,
செங்கோட்டையன்


நாமகிரிப்பேட்டை,
வைகாசி 14.

புளி மண்டிச் சமஸ்தானத்துச் சக்கரவர்த்தி மாமா அவர்களுக்கு, சௌந்திரம் கும்பிட்டு எழுதுவது.

ஆணியில் மாட்டிய பட்டங்களை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாமனார் வந்து இறங்கியதும் கால்கூடக் கழுவவில்லை. நேராகக் கிணற்றடிக்குப் போய், வாய்க்கால் மடை எல்லாவற்றையும் அடைக்கச் சொல்லி, தண்ணீர் எங்காவது ஓடுகிறதா என்று பார்த்தார். கிழக்குப் பாத்திப் பக்கம் ஓர் எலி வளை இருந்தது. அதை மண் போட்டு மிதித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

சாப்பிடும்போது மாமியாரிடம் சேலத்துக் கதையைச் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சோற்றைப் பார்த்துச் சொன்னார். சாப்பாட்டுக் கடையைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதால்தான் எனக்குத் தெரியும். கையைக் கழுவிவிட்டு, "ஏழுல எட்டணா மிச்சம். பையன் தங்கசாமிக்கு எழுதிப்போடு, அட்வான்ஸ் குடுக்கச் சொல்லி" என்றார். மாமியார் இப்போதே ஊறுகாய் ஜாடிக்குத் துணி கட்டிக்கொண்டிருக்கிறார். வைகாசி இருபத்தெட்டு நல்ல நாளாம். நானும் ஒரு பெட்டியும் ஜாடியும் வருகிறோம். அதற்குப் பிறகு ஓர் அமாவாசை வருகிறது. அது இனி எனக்கு வெறும் அமாவாசைதான்.

இதனால் நீங்கள் மறுபடி ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. மாதச் செலவில் இன்னொரு ஆளையும் சேர்த்து எழுதுங்கள். அவசரப்பட்டு அத்தையிடம் எதையாவது சொல்லி அவர் நாட்டுமருந்துக் கடைக்கு ஓடிவிடப் போகிறார். அந்த ஆள் மாமனார்தான். வருஷா வருஷம் பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் அவர் எங்களோடு வந்து இருக்கப் போகிறாராம். அந்தச் சக்கரத்தை ஓர் அனுபவசாலி அடிக்கடி அடைத்துப் பார்க்காவிட்டால் ஊரில் உள்ளவன் எல்லாம் கரையை வெட்டிவிடுவான் என்கிறார். விசிறிக் காற்றில் முழங்கால் வலி குறைந்தது என்பதை மாமியாரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லியிருக்கிறார். மாமியார் அதை எனக்கும், பால்காரருக்கும், கிணற்றடியில் இருந்த எல்லோருக்கும் ரகசியமாகச் சொல்லிவிட்டார். அவர் பங்குக்கு ஆகும் விசிறிச் செலவை அவரே தருவாராம். எண்ணுவதற்கு வேண்டிய புளியங்கொட்டையும் ஒரு படி எடுத்து வைத்துவிட்டார். மண்டிக் கொட்டை ஒரே அளவாக இல்லையாம்.

மாமியார் உங்களிடம் ஒன்று கேட்டு எழுதச் சொன்னார். பனமரத்துப்பட்டி ஏரியில் அந்தக் கொக்கு என்ன செய்தது? அதை விவரமாக எழுதவும். யானை ஒன்றும் அதோடு வந்தால் நல்லது என்கிறார்.

நீங்கள் உங்கள் இஷ்டம்போலப் பெருக்கி எழுதுங்கள் மாமா. நாங்கள் வகுத்துக்கொள்கிறோம்.

உங்கள்
சௌந்திரம்